நரம்பும் எழுத்தும்

இந்த நகரத்தின் பெயரை எழுதுவது ஒரு மாதிரி, சொல்வது வேறு மாதிரி. பர்மிய எழுத்தில் அது ரகரத்தில் தொடங்குகிறது. பர்மியர் வாயில் அந்த ரகரம் யகரமாகத்தான் வரும். ரகரத்தை ரகரமாகவே ஒலிக்கும் அரக்கானியர் வழியாக ஆங்கிலேயருக்கு அது ரங்கூன் ஆயிற்று என்பார்கள். 1989இல் அரசாங்கம் பேச்சொலியை ஒட்டி யாங்கோன் என்று அதிகாரபூர்வமாக மாற்றியது. நாலைந்து தலைமுறையாக இங்கே இருக்கும் தமிழர்கள் இன்னும் ரங்கூன் என்றே சொல்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். இராமாயணக் கூத்துக்கு இங்கே பெயர் ‘யாம ஸாத்தோ.’ அந்த யாமன் நம்முடைய இராமன்தான்.

எழுத்து ஒரு பக்கமும் ஒலி இன்னொரு பக்கமும் போவதை இந்த ஊரில் பெயர்களில் மட்டுமல்ல, பாட்டிலும் கேட்கிறேன். வேலை நிமித்தம் வந்து மூன்றாண்டு ஆகிறது. இந்த மூன்றாண்டில் புதிதாகக் காதில் விழுந்தவை என்னென்ன, எவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன் என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் பட்டியல் சொல்லித் தப்பித்துக்கொள்வேன். பட்டியலுக்குப் பின்னால் இருப்பதைச் சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும்.

முதலில் தேநீர்க் கடை. ரங்கூன் தேநீர்க் கடையில் குட்டையான மேசை, அதைவிடக் குட்டையான நாற்காலி, பால் தூக்கலான தேநீர், ஓயாத பாட்டு. வந்த புதிதில், தெரிந்த ஆங்கில மெட்டு ஒன்று தெரியாத மொழியில் ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த பாட்டு தெரிந்த இந்தி மெட்டாக இருக்கும். இதற்கு இங்கே ‘கோப்பி தச்சின்’ என்று பெயர். தச்சின் என்றால் பாட்டு. வெளிநாட்டு மெட்டை அப்படியே எடுத்துக்கொண்டு பர்மியச் சொற்களை ஏற்றிப் பாடுவது. பல பத்தாண்டுகளாக இது இங்கே பெரிய மரபு. இந்த நாட்டின் மிகப் புகழ்பெற்ற ராக் குழுவான அயர்ன் கிராஸும் அதன் பாடகர் லே ஃபியூவும் சொந்த மெட்டுகளோடு இரவல் மெட்டுகளையும் பாடித்தான் பெயர் பெற்றார்கள். தமிழருக்கு இது ஒன்றும் விநோதம் அல்ல. நம்முடைய பேசும்படத்தின் முதல் இருபது ஆண்டுகளில் கீர்த்தனை மெட்டுக்கும் இந்தி மெட்டுக்கும் தமிழ்ச் சொல் கட்டுவது ஒரு முழுநேரத் தொழிலாகவே இருந்தது.

இரவல் மெட்டுக்குள் எவ்வளவு பாரம் ஏற்ற முடியும் என்பதற்கு இங்கே ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் கான்சாஸ் குழு 1977இல் பாடிய ‘டஸ்ட் இன் தி விண்ட்’ மெட்டுக்கு, 1988 எழுச்சியின்போது நைங் மியன்மார் என்பவர் பர்மியச் சொற்களை எழுதினார். ‘கபா மச்சே பூ’ என்ற அந்தப் பாட்டு, மாண்டவர்களுக்கான சூளுரையாக ஆகிவிட்டது. 2021இல் தெருக்களில் மறுபடி அதையே பாடினார்கள். மூல ஆங்கிலப் பாட்டு, எல்லாம் தூசிதான் என்று கை விரிக்கும் பாட்டு. அதே மெட்டில் வந்த பர்மியப் பாட்டு, உலகம் அழியும் வரை விடமாட்டோம் என்கிறது. இப்போது அந்த ஆங்கிலப் பாட்டை எங்கே கேட்டாலும் எனக்குப் பர்மியப் பாட்டுத்தான் கேட்கிறது. சொல் போய் ஒலி நிற்பது என்றால் என்ன என்று அந்த மெட்டில் கற்றேன்.

அடுத்தது மேளம். ‘சைங் வைங்’ என்பது பர்மியர்களின் பெரிய மேளம். பௌத்த மடத்துக்குச் சிறுவர்களை அனுப்பும் சடங்கிலும், நாட் தெய்வங்களுக்கான விழாக்களிலும், இரவு முழுவதும் நடக்கும் கூத்துகளிலும் கேட்கலாம். நடுவில் ‘பட் வைங்’: பொன் பூசிச் செதுக்கிய வட்ட மரச்சுவருக்குள் 21 மத்தளங்கள், சிறியதிலிருந்து பெரியது வரை சுற்றித் தொங்கும். வாசிப்பவர் வட்டத்தின் நடுவில் உட்கார்ந்து இரண்டு கையாலும் மெட்டையே அடித்துக் காட்டுவார். தாளவாத்தியம் பாட்டுப் பாடுவதை முதன்முதலாக நேரில் பார்த்தபோது ஜலதரங்கம் நினைவுக்கு வந்தது. ஆனால் என்னை உட்கார வைத்தது வாசிப்பு தொடங்குவதற்கு முந்தைய அரை மணி நேரம். சோற்றையும் சாம்பலையும் பிசைந்த களியை ஒவ்வொரு மத்தளத்தின் தோலிலும் அப்பி, தட்டிப் பார்த்து, கொஞ்சம் வழித்தெடுத்து, மறுபடி அப்பி, 21 சுருதி சேர்க்கிறார்கள். நம் மிருதங்கக்காரர் தொப்பியில் ரவை பூசிச் சேர்ப்பது ஒரு பக்கத்துக்குத்தான். இங்கே அதே வேலை இருபத்தொரு முறை. கோயிலில் நாகசுவரக் கச்சேரிக்கு முன் சீவாளியை நனைத்து ஊதிப் பார்க்கும் அந்த நேரத்தை விரும்புகிறவர்களுக்கு இதுவும் பிடிக்கும்.

நாகசுவரத்துக்கு நிகராக இங்கே ‘ஹ்நே’ இருக்கிறது. பனையோலை அடுக்கிய சீவாளி, கூம்பான மரக்குழல், கீழே தளர்வாகத் தொங்கும் உலோக அணசு. பர்மிய சுரங்களின் பெயர்கள்கூட இந்தக் குழலின் துளை எண்ணிக்கையை வைத்தே வந்தவை. இரவில் ஹ்நே கேட்டுவிட்டு வந்து திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் போட்டால், இரண்டும் ஒரே வீட்டில் வளர்ந்து வேறு வேறு ஊருக்கு வாழ்க்கைப்பட்ட சகோதரிகள் போல் இருக்கும். பிள்ளையின் குழல் வளைந்து வளைந்து போகும். ஹ்நே வெட்டி வெட்டித் திரும்பும்.

பியானோவும் உண்டு. மின்டோன் அரசர் 1853 முதல் 1878 வரை ஆண்டார். அவருக்கு இத்தாலியிலிருந்து வந்த ஒரு பியானோவோடு இங்கே அதன் கதை தொடங்குகிறது. பர்மியர்கள் அதை ‘சந்தயா’ என்று பெயரிட்டுத் தங்கள் வாத்தியமாகவே ஆக்கிக்கொண்டார்கள். மேற்கத்திய முறையில் இடக்கை துணைக்கு நிற்கும். இங்கே இரண்டு கைகளும் ஒரே மெட்டைப் பிய்த்துப் பங்கு போட்டுக்கொள்ளும். பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்தில் வயலின் நம்மிடம் வந்து நம்முடையதானதை இதனோடு சேர்த்து நினைக்கலாம். ஊ யீ ந்வேயின் ‘சந்தயா’ தொகுப்பு என் கைப்பேசியில் எப்போதும் இருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட அதிகமாக நான் கேட்பது ஒரு வாத்தியத்தை. அதைச் சொல்லத்தான் இதுவரை சுற்றி வந்தேன்.

‘சவுங் கௌக்’ என்றால் வளைந்த சவுங். படகு போன்ற மரப்பெட்டி, மேலே இழுத்துக் கட்டிச் செவ்வரக்கு பூசிய மான்தோல், பெட்டியின் ஒரு முனையிலிருந்து எழுந்து உள்நோக்கி வளையும் கழுத்து, கழுத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் 16 நரம்புகள். மடியில் வைத்து வலக்கை விரல்களால் மீட்டுவார்கள். இடக்கைக் கட்டைவிரல் நகம் தேவையான இடத்தில் நரம்பை அழுத்தி சுருதியை உயர்த்தும். பாடுகிறவர் கையில் ‘சீ’ என்ற சின்னத் தாளமும் ‘வா’ என்ற மரக்கட்டையும் இருக்கும். சீ முன்னால் வரும், வா தாளத்தை முடித்து வைக்கும். வேறு துணை கிடையாது. ஒரு குரல், ஒரு சவுங், இரண்டு சின்னக் கருவிகள். குரல் சற்றே முன்னும் பின்னும் நகர்ந்து, அவசரமில்லாமல், நரம்பின் மேல் வந்து உட்காரும்.

இதை முதலில் கேட்டது இங்கே அல்ல. மேற்படிப்புக்காக வெளிநாட்டில் இருந்தபோது பல்கலைக்கழக நூலகத்தின் இசைப் பிரிவில் ஒரு குறுந்தட்டு இருந்தது. ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் 2003இல் வெளியிட்டது. சவுங் வாசித்தவர் இன்லே மியின்ட் மௌங், பாடியவர் யீ யீ தந். தட்டின் பெயர் ‘மஹாகீதா.’ அதுவே பர்மியச் செவ்விசைத் தொகுப்பின் பெயரும்கூட. பெயரைப் பார்த்துத்தான் எடுத்தேன், நம் காதுக்கு அந்நியமில்லாத பெயர் என்பதால். பாட்டு அப்படி இல்லை. அழகாக இருந்தது. ஆனால் அதற்குள் நுழைய வாசல் எங்கே என்று தெரியவில்லை. அந்த நாட்களில் அது எனக்குப் படிக்கும்போது ஓடும் இனிய சத்தம், அவ்வளவுதான்.

வாசல் ரங்கூனில் கிடைத்தது. சான்சாங் பகுதியில் மூன்றாம் மாடியில் ஓர் ஆசிரியை சவுங் சொல்லித் தருகிறார். பெண் ஆசிரியரை இங்கே ‘சயாமா’ என்று அழைப்பார்கள். அலுவலகத்தில் உடன் வேலை பார்க்கும் பெண் அவரிடம் படிக்கிறாள். அவள் கூட்டிக்கொண்டு போனதால் போனேன். மின்சாரம் நேரப் பட்டியல் போட்டு வருகிற காலம். நாங்கள் போனபோது இல்லை. தெருவில் ஜெனரேட்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. சயாமா சன்னலைச் சாத்திவிட்டு வாசித்தார். சவுங்கின் ஒலி சிறியது. மூன்றடி தள்ளி உட்கார்ந்தவர்களுக்கான ஒலி. அது அரசவை உள்ளறைகளில் வளர்ந்தது, மேளத்தைப் போலத் திடலில் வளர்ந்தது அல்ல.

வாசித்து முடித்ததும் இரண்டு சவுங்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று புதியது, கிட்டாரில் இருப்பது போன்ற உலோக முறுக்காணி வைத்தது. மற்றது பழையது, ஆணியே இல்லாதது. அதில் ஒவ்வொரு நரம்பின் முனையையும் சிவப்புப் பருத்திக் கயிற்றில் கட்டி, அந்தக் கயிற்றைக் கழுத்தைச் சுற்றி இறுக்கியிருந்தார்கள். கயிற்றின் முனையில் குஞ்சம். சுருதி சேர்க்க அந்தச் சுற்றைக் கையால் நெகிழ்த்தி, திருகி, இறுக்க வேண்டும். வளைந்த கழுத்து நெடுக ஒன்றன் கீழ் ஒன்றாகப் பதினாறு சிவப்பு வளையங்கள்.

அதைப் பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. திவவு.

கல்லூரி நாட்களில் பத்துப்பாட்டைத் தமிழய்யா ஒருவர் நடத்திக் கேட்டிருக்கிறேன். யாழின் உறுப்புகளான பத்தர், போர்வை, கோடு, திவவு, நரம்பு என்பவற்றை மனப்பாடம் செய்தோம். பத்தர் பெட்டி என்றும் போர்வை தோல் என்றும் புரிந்தது. திவவு என்றால் வார்க்கட்டு என்று உரையில் இருந்தது. எந்த வார், எங்கே கட்டு என்று யாருக்கும் காட்ட முடியவில்லை. காட்டுவதற்கு வாத்தியம் இல்லை.

அன்று இரவு வீட்டுக்கு வந்து முடத்தாமக்கண்ணியாரின் பொருநராற்றுப்படையை எடுத்தேன். கரிகால் சோழனிடம் பரிசு பெற்ற ஒரு கலைஞன் இன்னொருவனுக்கு வழி சொல்லும் பாட்டு. தொடக்கத்திலேயே யாழைத் தலை முதல் கால் வரை வருணிக்கிறது. மான் குளம்பு பதிந்த தடம் போன்ற பத்தர் என்கிறது. சவுங்கில் நடுவே ஓடும் மரச்சட்டம் தோலை முதுகெலும்பு போல உயர்த்தி நிற்க, இருபுறமும் தாழ்கிறது. விளக்குச் சுடரின் நிறத்தில் இழுத்துக் கட்டிய தோல் என்கிறது. சயாமாவின் சவுங்கின் செவ்வரக்கு நிறம் அதுதான். பாம்பு தலையெடுத்தாற்போல உயர்ந்த கரிய கோடு என்கிறது. அதன் மேல், மாநிறப் பெண்ணின் முன்கை வளையல்களைப் போன்ற திவவு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் இன்னும் ஒரு படி போகிறார். அந்த வளையல்கள் நெகிழவும் இறுகவும் செய்யும் என்கிறார். சுருதி சேர்க்கும் வேலை முழுவதும் அந்த இரண்டு வினைகளில் இருக்கிறது. இத்தனை ஆண்டு உவமை என்று படித்தது, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் எழுதிய குறிப்பு என்று அன்றைக்குத் தெரிந்தது.

உடனே நம் வழக்கமான பேச்சுக்குப் போய்விடக் கூடாது. இதைச் சொன்னதும் ஊரிலிருந்து ஒரு நண்பன் அனுப்பிய செய்தி, ‘அப்படியானால் அது நம்முடையது’ என்றிருந்தது. வில்வடிவ யாழ் தமிழருக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. பர்ஹூத்திலும் அமராவதியிலும் சிற்பங்களில் இருக்கிறது. சமுத்திரகுப்தர் தன் பொற்காசில் மடியில் வைத்து வாசிப்பது இந்த வகையைத்தான். பழைய வடமொழி நூல்களில் வீணை என்ற சொல்லே இதைக் குறித்தது. பௌத்தத்தோடு இது இந்தியாவிலிருந்து கிழக்கே வந்தது என்பது ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. வந்த பிறகு இவர்கள் கையில் அது ஆயிரம் ஆண்டுக்கு மேல் இருந்திருக்கிறது. கி.பி. 802இல் இங்கிருந்து பியூ அரசின் தூதுக்குழு சீனாவின் தாங் அரசவைக்கு 35 இசைக் கலைஞர்களோடு போனதைச் சீனர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். 1767இல் பர்மியர்கள் அயூத்தயாவை வென்றபோது அங்கிருந்து வந்த கலைஞர்களால் ‘யோதயா’ என்றொரு பாட்டு வகையே மஹாகீதாவில் சேர்ந்தது. மியாவடி மின்ஜீ ஊ சா (1766–1853) அரசவை அமைச்சர், படைத்தலைவர், பாடல் இயற்றியவர். அந்தச் சியாம் பாட்டுகளைப் பர்மிய சவுங்குக்கு இசைவாக்கியவர் அவர். கணவர் கனௌங் இளவரசர் 1866இல் கொல்லப்பட்டார். இளவரசி லைங் தெய்க் கௌங் தின் ‘போலே’ என்ற ஏக்கப் பாட்டுகளைத் தந்தார். அமைச்சரும் இளவரசியும் மாடியறை ஆசிரியையும் விடாமல் வாசித்து வந்ததால்தான் இது இருக்கிறது. உரிமை பற்றிப் பேசுவதானால் வாசித்தவர்களுக்குத்தான் அது உண்டு.

நம்மிடம் என்ன ஆயிற்று? நம் புராணத்திலேயே அதற்கு ஒரு காட்சி இருக்கிறது. திருஞானசம்பந்தரின் பதிகங்களைத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழில் வாசித்துக்கொண்டே உடன் வருகிறார். தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய ஒரு பதிகம் யாழில் அடங்கவில்லை. பாணர் மனம் நொந்து யாழை உடைக்கப் போகிறார், சம்பந்தர் தடுக்கிறார். ‘யாழ்மூரி’ என்று அந்தப் பதிகத்துக்குப் பெயர். இசை பற்றி எழுதியவர்கள் பலர் இதில் வரலாற்றைப் படிக்கிறார்கள். ஒரு நரம்புக்கு ஒரு சுரம் என்ற அமைப்பில், குரலின் கமகத்தைப் பின்தொடர்வது கடினம். கமகம் வளர வளர, ஒரே நரம்பில் பல சுரம் பிடிக்கும் மெட்டு வைத்த வீணை முன்னால் வந்தது, யாழ் பின்னால் போனது. சவுங் வாசிப்பவரின் இடக்கைக் கட்டைவிரலைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் காட்சி நினைவுக்கு வரும். அந்த நகம் நரம்பை ஒரு சுரம் உயர்த்தும். ஆனால் தோடியின் காந்தாரத்தை அதனால் அசைக்க முடியாது. பர்மிய இசை அதைக் கேட்கவும் இல்லை. யாழுக்கு ஏற்ற இசையை இவர்கள் வைத்துக்கொண்டார்கள். நாம் இசையை வைத்துக்கொண்டு யாழை விட்டோம்.

வாத்தியத்தை விட்ட நாம் சொல்லை விடவில்லை. பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7 நரம்பு என்று கணக்கு இருக்கிறது. பழந்தமிழில் நரம்பு என்ற சொல்லுக்கே சுரம் என்றும் பொருள். பர்மியத்திலும் நரம்பைக் குறிக்கும் ‘ச்சோ’ என்ற சொல்தான் மஹாகீதாவின் அடிப்படைப் பாட்டு வகைக்கும் பெயர். சயாமாவிடம் சேருகிறவர்கள் முதலில் 13 ச்சோ பாட்டுகளைக் கற்றே மேலே போகிறார்கள். நாமோ ஒரு ஊருக்கே யாழ்ப்பாணம் என்று பெயர் வைத்தோம். கண் தெரியாத பாணன் ஒருவன் யாழ் வாசித்துப் பரிசாகப் பெற்ற மணல்திடல் என்று அதற்கு ஒரு கதையும் வைத்திருக்கிறோம்.

இந்தச் சொற்களிலிருந்து ஒலியை மீட்க ஒருவர் தன் ஆயுளின் பெரும்பகுதியைக் கொடுத்தார். விபுலானந்த அடிகள் மட்டக்களப்புப் பகுதியின் காரைதீவில் 1892இல் பிறந்தவர். லண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டம் பெற்றவர். சிலப்பதிகார அரங்கேற்று காதையின் இசைக் குறிப்புகளை வைத்து, நரம்புகளுக்கிடையே உள்ள விகிதங்களைக் கணக்கிட்டு, யாழ்நூல் எழுதினார். 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் கரந்தைத் தமிழ்ச்சங்கத்தின் ஆதரவில் அது அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் தேதி அடிகள் காலமானார். கணினியோடு பிழைப்பவன் என்பதால் அந்த நூலின் எண்கள் எனக்குப் பிடிக்கும். கையில் வாத்தியம் இல்லாதவர் எண்களை மட்டும் பிடித்துக்கொண்டு எவ்வளவு தூரம் நடந்திருக்கிறார் என்று ஒவ்வொரு முறையும் வியப்பேன். இப்போது சென்னையில் தருண் சேகர் என்ற இளைஞர் தன் ‘உரு’ பட்டறையில் யாழ் செய்து வாசிக்கவும் வைத்திருக்கிறார். நல்ல ஒலி. அதற்கு அடுத்த தலைமுறை மாணவர்கள் வர வேண்டும்.

இப்போது எதிர்ப்பக்கத்தைச் சொல்ல வேண்டும். இந்த ஊர்த் தமிழர்களிடம் நடந்தது இதற்குத் தலைகீழ்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ரங்கூன் என்றால் 1952இல் வந்த பராசக்தியின் மூன்று அண்ணன்மார், அல்லது 1969இல் சென்னையில் தோன்றிய பர்மா பஜார். அந்தக் கடைவீதிக்குக் காரணம் 1960களின் அரசுடைமையாக்கம். 1964க்குப் பிறகு சில ஆண்டுகளில் மூன்று லட்சம் இந்தியர்கள் இந்த நாட்டை விட்டுப் போனார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. போனவர்களின் கதையை நாம் ஓரளவு கேட்டிருக்கிறோம். இருந்துவிட்டவர்களுக்கு என்ன ஆயிற்று என்றால், தனியார் பள்ளிகள் அரசுடைமையானபோது தமிழ்ப் பள்ளிகளும் போயின. தமிழ் நாளிதழ்கள் வெளிவந்த ஊரில் ஒரு முழுத் தலைமுறை தமிழ் எழுத்தைப் பார்க்காமல் வளர்ந்தது.

நகரத்துக்கு வெளியே ஒரு சிறிய மாரியம்மன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமைகளில் போவது என் வழக்கம். அங்கே பாட்டுக்கு முன்னால் நிற்பவர் எழுபது தாண்டிய ஓர் ஆச்சி. தேவாரம், மாரியம்மன் தாலாட்டு, கும்மி, பெயர் தெரியாத காவடிப் பாட்டுகள் என ஒரு மாலை முழுக்கப் பாடுவார். கையில் ஒரு நோட்டு. ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நோட்டு முழுவதும் பர்மிய எழுத்து. வட்ட வட்டமாக, பக்கம் பக்கமாக, அத்தனையும் தமிழ்ப் பாட்டு.

“எழுதப் படிக்கத் தெரியாது தம்பி. எங்கம்மா பாடுனதக் கேட்டு, பர்மாக்காரப் பள்ளிக்கூடத்துல படிச்ச எழுத்துல எழுதிக்கிட்டேன்” என்றார்.

அந்த நோட்டைப் போல ஒரு குறிமுறையை நான் பார்த்ததில்லை. குறில் நெடிலைப் பர்மியத் தொனிக் குறிகளால் பிரித்திருந்தார். ழகரத்துக்கு லகர எழுத்தைப் போட்டு மேலே தானே ஒரு புள்ளி வைத்திருந்தார். ரகரத்துக்குப் பர்மிய ரகரம் இருக்கவே இருக்கிறது. ஆனால் பர்மியர் அதை யகரமாக ஒலிப்பார்கள். ஆச்சியின் பேத்திக்குப் பன்னிரண்டு வயது. பர்மியப் பள்ளியில் படிக்கிறாள். அவளிடம் நோட்டைக் கொடுத்துப் படிக்கச் சொன்னால் மாரி என்ற இடத்தில் ‘மாயி’ என்கிறாள். ஆச்சி பாடும்போது அது மாரி. அவர் பக்கத்தில் நின்று பாடும்போது பேத்தியும் மாரி என்றே பாடுகிறாள். எழுத்தில் இல்லாத ரகரம் ஆச்சியின் வாயில் இருக்கிறது. அங்கிருந்து நேராகப் பேத்தியின் வாய்க்குப் போகிறது.

அன்று முதல் என் இரவுப் பாட்டின் வரிசை மாறிவிட்டது. முதலில் வீணை தனம்மாள். 1930களின் தொடக்கத்தில் பதிவான சில தட்டுகள்தான் கிடைக்கின்றன. சவுங் போலவே சிறிய ஒலி. வெள்ளிக்கிழமை மாலைகளில் சென்னையில் அவர் வீட்டில் கூடியவர்கள் மூச்சை அடக்கிக் கேட்டதாகச் சொல்வார்கள். அவர் பாணி பேத்திகள் பிருந்தா, முக்தா, பாலசரஸ்வதி ஆகியோரிடம் காகிதத்தின் வழியாகப் போகவில்லை. அவர்களின் பாட்டை அடுத்துக் கேட்பேன். பிறகு இன்லே மியின்ட் மௌங். நூலகத்தில் வெறும் இனிய சத்தமாக இருந்த அதே தட்டு. இப்போது ஒவ்வொரு நரம்பும் எந்த வளையத்தில் கட்டியிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. கடைசியாகக் கைப்பேசியில் நான் பதிந்த ஆச்சியின் தாலாட்டு. பின்னணியில் கோயில் மணியும் ஒரு நாயும் கேட்கும். என் தொகுப்பில் வேறு யாரிடமும் இல்லாத பதிவு அது ஒன்றுதான்.

பொருநராற்றுப்படையில் யாழ் வருணனை முடியும் இடத்தில், வழிப்பறிக் கள்வர்கள்கூட அந்தப் பாலை யாழைக் கேட்டால் ஆயுதத்தைக் கீழே போட்டு இரக்கம் கொள்வார்கள் என்று வருகிறது. இந்த நாட்டில் இந்த ஆண்டுகளில் அதை வாசிக்கும்போது கொஞ்சம் நிறுத்தித்தான் அடுத்த வரிக்குப் போக முடிகிறது. சயாமாவிடம் அந்த வரியின் பொருளைப் பர்மியத்தில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பழைய சவுங்கை எடுத்துத் துணியால் துடைத்தார்.

போன மாதம் ஆச்சியிடம் ஒரு யோசனை சொன்னேன். நோட்டு முழுவதையும் அவர் பாடப்பாட நான் தமிழ் எழுத்தில் எழுதித் தருகிறேன், பதிவுகளையும் சேர்த்து நாலைந்து இடத்தில் பத்திரப்படுத்தி வைக்கலாம் என்றேன். தரவைப் பாதுகாப்பது என் தொழில், அதில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆச்சி நோட்டைத் தடவிக்கொண்டே கேட்டார்.

“எழுதி வச்சா பாடுவாங்களா தம்பி?”

ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. பத்தரும் கோடும் திவவும் எழுதி வைத்தவைதான். அவற்றைவிட நன்றாக எதையும் யாரும் எழுதிவிட முடியாது.

எழுதுவது என்று முடிவு செய்தோம். ஆனால் ஆச்சி ஒரு நிபந்தனை போட்டார். எழுதுகிற நாளெல்லாம் பேத்தியும் கூட உட்கார வேண்டும். நான் ஒரு வரி எழுதி முடிக்கும் வரை அவள் அந்த வரியைப் பாட வேண்டும். இதுவரை நான்கு வெள்ளிக்கிழமைகள் ஆகியிருக்கின்றன. தாலாட்டில் பாதிகூடத் தாண்டவில்லை. நான் எழுதுவது மெதுவாகத்தான் போகிறது, பேத்திக்கு அந்தப் பாதி மனப்பாடம் ஆகிவிட்டது.